உப்புத்தின்னிப் புல்லும் நுரைக்காத சோப்பும்

ஜனவரி 8

மைதானத்து மகாராஜாவுக்கு,

அக்கா எழுதுவது. 'அன்புள்ள' என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை, அதனால் ஆரம்பிக்கவில்லை.

உன் பெண்டாட்டி இனிமேல் தூது போக மாட்டாளாம். நேற்று துணி போட வந்தவள் மூட்டையைப் பலகையில் வைத்துவிட்டுச் சொல்லிவிட்டாள்: "நீங்க சொல்றதை அவர்கிட்ட சொன்னா அவர் என்மேல எரிஞ்சு விழறார். அவர் சொல்றதை உங்ககிட்ட சொன்னா நீங்க எரிஞ்சு விழறீங்க. ரெண்டு பக்கமும் அடி வாங்க நான் என்ன மத்தளமா? எழுதிக் குடுங்க அண்ணி, எடுத்துட்டுப் போறேன்." நியாயம்தான். ஆகவே இது உன் நீலச் சட்டைப் பையில் வருகிறது. பதிலை அழுக்குத் துணியோடு அனுப்பு.

விஷயம் இதுதான். என் கிணறு உப்புக் கரிக்கிறது. முதலில் என் நாக்கில்தான் கோளாறு என்று நினைத்தேன். பிறகு சோப்பு நுரைப்பது நின்றது. ஒரு சட்டைக்குப் போடுகிற சோப்பைக் கைக்குட்டைக்குப் போட்டுத் தேய்த்தாலும் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து தொட்டியில் மிதக்கிறதே தவிர நுரை என்ற பேச்சே இல்லை. காய்ந்த துணி அட்டை மாதிரி விறைக்கிறது. இஸ்திரிப் பெட்டி கக்குகிற ஆவி காலரில் வெள்ளைத் திட்டாகப் படிகிறது. பல் டாக்டரம்மா தன் வெள்ளை அங்கிகளை மொத்தமாகத் திருப்பி அனுப்பி, "கழுத்தெல்லாம் அரிக்குது, என்ன பவுடர் போடறீங்க?" என்று கேட்கிறார். நானா போடுகிறேன்? என் தம்பி போடுகிறான்.

சுவருக்கு அந்தப் பக்கம் உன் உப்புத்தின்னிப் புல்லுக்கு நீ உப்புத் தண்ணீரை வாரி இறைக்கிறாய். சுவருக்கு இந்தப் பக்கம் என் கிணறு. இதைக் கண்டுபிடிக்கப் படித்துப் பட்டமா வாங்க வேண்டும்? இந்தக் கடைக்குக் கிணறுதான் கை கால் எல்லாம். அது கெட்டால் கடையை இழுத்து மூடிவிட்டு நானும் உன் மாமாவும் வேறு யாருடைய கடையிலாவது கூலிக்குத் துவைக்கப் போக வேண்டியதுதான்.

நாளையிலிருந்து அந்தத் தண்ணீரை நிறுத்து. இது கெஞ்சல் இல்லை.

அக்கா


ஜனவரி 11

சலவைக்கடை உரிமையாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அதை வைத்திருந்த சட்டைப் பை கசங்கியிருந்தது. இஸ்திரி போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

'தங்கள்' என்று எழுதுவதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நீ, வா, போ என்று பேசுகிற உரிமை எனக்குப் போன கோடையிலேயே போய்விட்டது. அது எப்படிப் போனது என்று நினைவிருக்கிறதா? தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று தெருப் பெண்களை எல்லாம் திரட்டிக்கொண்டு, காலி வாளிகளோடு என் மைதானத்தின் நடுவில் போய் உட்கார்ந்தது யார்? பத்திரிகைக்காரர் முன்னால், "என் தம்பிக்கு மனுஷங்களைவிடப் புல்லுதான் ஒசத்தி" என்று சொன்னது யார்? அது தங்கள் படத்தோடு வந்தது. மேலாளர் அதை வெட்டி என் அறைக் கதவில் ஒட்டினார். புது ஆட்கள் வேலைக்குச் சேர்ந்தால் அதைப் படித்துவிட்டுத்தான் எனக்கு வணக்கம் சொல்வார்கள்.

அந்த அவமானத்தில்தான் பழைய புல்லை முழுக்க உரித்து எறிந்தேன். உப்பு தாங்குகிற புல்லைத் தேடிக் கொண்டுவந்து நட்டேன். ஆழத்தில் கிடக்கிற, வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீரை எடுத்து அதற்குக் கொடுக்கிறேன். இன்று ஒரு வாளி நல்ல தண்ணீர்கூட மைதானத்துக்குள் வருவதில்லை. தெருக்குழாயில் தண்ணீர் வருகிறதா இல்லையா? அது யாரால் வருகிறது? நல்ல தண்ணீர் ஊற்றினாலும் குற்றம், உப்புத் தண்ணீர் ஊற்றினாலும் குற்றம் என்றால் நான் புல்லுக்குக் கண்ணீரா விட முடியும்?

கிணற்று விஷயம். என் வேலை எனக்குத் தெரியும். உப்புத் தண்ணீரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு மேலேயே தங்கிப் புல்லைக் கொல்லும். அதனால் விட்டு விட்டு, ஆனால் வெள்ளமாகப் பாய்ச்ச வேண்டும். ஒவ்வொரு தடவையும் பாய்கிற தண்ணீர் போன தடவை தங்கிய உப்பை வேருக்குக் கீழே தள்ளிக்கொண்டு போகும். கீழே நான் நின்று புதைத்த வடிகுழாய்கள் இருக்கின்றன. அவை அந்தக் கழிவை வாங்கி வெளியே விட்டுவிடும். ஒரு சொட்டு தங்காது. தங்கள் கிணறு உப்பானதற்குக் காரணம் வேறு எங்காவது இருக்கும். சோப்பை மாற்றிப் பாருங்கள்.

தங்கள் வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்று அன்று சொன்னேன். அதில் மாற்றமில்லை. என் பச்சைச் சட்டை இன்னும் அங்கேதான் கிடக்கிறது என்று என் வீட்டுக்காரி சொன்னாள். தேவையில்லை. வேறு தைத்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
தலைமை மைதானப் பராமரிப்பாளர்


ஜனவரி 15

தலைமை மைதானப் பராமரிப்பாளர் என்ற பெரிய மனிதருக்கு,

சோப்பை மாற்றுவதா? நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் உன் கால்சட்டை மண்ணை எல்லாம் கசக்கிப் பிழிந்தவளுக்கு நீ சோப்புப் பாடம் எடுக்கிறாய். சரி, மாற்றினேன். மூன்று விதமான சோப்பு வாங்கி மூன்று வாளியில் கரைத்தேன். மூன்றும் சொல்லிவைத்தாற்போல் திரிந்தன. பக்கத்து வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஒரு சொம்பு வாங்கிக் கரைத்தேன். பொங்கி வழிந்தது. இப்போது சொல், கோளாறு சோப்பிலா?

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நான் துணிக்குச் செய்வதை நீ மண்ணுக்குச் செய்கிறாய், அவ்வளவுதானே? நல்லது. ஆனால் அலசிய தண்ணீர் எந்தச் சாக்கடைக்குப் போகிறது என்று எனக்குத் தெரியும். உன் அலசல் தண்ணீரை "வெளியே" விடுவதாக எழுதியிருக்கிறாய். அந்த வெளி எது? என் கொல்லை! என் துணிக்கொடிக்கு நேர் கீழே! குழாய் பதிக்க வந்த ஆட்கள் சுவரில் ஓட்டை போடும்போதுதான் எனக்கே தெரியும். "மேடம், சார் சொன்னாரு, இதான் தாழ்வான இடமாம்" என்றான் ஒருவன். சார் சொன்னாராம். அந்தச் சாருக்கு அக்கா என்று ஒருத்தி இருக்கிறாள், அவளிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று தோன்றவில்லை. நீ உப்புப் போட்டுத்தான் சாப்பிடுகிறாயா என்று அன்றே கேட்டிருப்பேன், உன் மாமா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் குழாய் வாயைப் பற்றி நான் இப்போது பேசவில்லை. அது பழைய கதை. இப்போது கொல்லை காய்ந்துதான் இருக்கிறது. என் பேச்சு கிணற்றைப் பற்றி.

இன்னொன்றும் சொல்கிறேன், மனது கல்லாக இருந்தால் கேட்டுக்கொள். சுவரோரம் இருக்கிற எலுமிச்சை மரம் கருகுகிறது. ஒவ்வொரு இலையும் நுனியிலிருந்து ஓரம் ஓரமாகப் பழுத்து, சூடு அதிகமான இஸ்திரிப் பெட்டி பட்ட மாதிரி ஆகிறது. அது பூத்தால் முதல் காயைப் பறிக்க ஓடி வருகிறவன் நீ. இனி பறிக்க ஒன்றும் இருக்காது.

அக்கா


ஜனவரி 21

அக்கா அவர்களுக்கு,

எலுமிச்சை இலை நுனியிலிருந்து கருகுகிறதா, நடுவிலிருந்தா? பழைய இலைதான் முதலில் கருகியதா, கொழுந்தா? சரியாகப் பார்த்து எழுதவும். ஓரம் கருகினால் அது உப்பு. அதை நான் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் என் உப்பு என்று ஒப்புக்கொள்ளவும் இல்லை.

இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். மைதானத்தின் கீழ்மூலை, தங்கள் சுவரை ஒட்டிய மூலை, செத்துக்கொண்டிருக்கிறது. மற்ற இடமெல்லாம் கம்பளம் விரித்த மாதிரி இருக்கிறது. அந்த மூலையில் மட்டும் கால் வைத்தால் சொதசொதவென்று உள்ளே போகிறது. வெயில் ஏறினால் மேலே வெள்ளைப் பொருக்கு. உப்பைத் தின்று வளர்கிற புல்லே உப்புத் தாங்காமல் மஞ்சளாகிறது என்றால் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? புல் கொடுத்த ஆளைப் போனில் கூப்பிட்டுக் கத்தினேன். தண்ணீர் திறக்கிற ஆளைப் பார்த்துக் கத்தினேன். உப்பை முறிக்க ஜிப்சம் வாங்கித் தூவினேன். மேலாளர் தினமும் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்த மூலையைப் பார்க்கிறார். "மழைக்கு முன்னாடி திறப்பு விழா ஆட்டம். கடல் தண்ணி குடுத்தாலும் வளரும்னு சொன்னீங்களே?" என்கிறார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

நேற்று அந்த மூலையில் தோண்டிப் பார்த்தேன். வடிகுழாய் நிறையத் தண்ணீர் நிற்கிறது. நிற்கக் கூடாது. ஓட வேண்டும்.

தங்கள் கொல்லையில் இருக்கிற குழாய் வாயிலிருந்து தண்ணீர் வருகிறதா? 'கொல்லை காய்ந்துதான் இருக்கிறது' என்று எழுதியிருந்தீர்கள். எப்போதிலிருந்து காய்ந்திருக்கிறது? மாமாவைக் கொஞ்சம் பார்க்கச் சொல்லவும்.

தம்பி


ஜனவரி 24

தம்பிக்கு,

உன் குழாயை உன் மாமா எதற்குப் பார்க்க வேண்டும்? அவர் மைதானத்தில் சம்பளம் வாங்குகிறாரா? உன் குழாய் என்றால் நீ வந்து பார். ஓ, நீதான் வாசலை மிதிக்காத பெரிய சபதக்காரன் ஆயிற்றே. மறந்துவிட்டேன்.

இலை நுனியிலிருந்துதான் கருகுகிறது. பழைய இலைதான் முதலில். பார்த்துவிட்டேன், போதுமா?

டாக்டரம்மா இந்த மாதத்தோடு துணி நிறுத்திக்கொள்கிறேன் என்று ஆள் அனுப்பிவிட்டார். ஓட்டல்காரர் மட்டும்தான் மிச்சம். அந்த விரிப்புகளை லாரித் தண்ணீர் பிடித்து அலசுகிறேன். எத்தனை நாளைக்கு அது நடக்கும் என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை மதியம் நானும் உன் மாமாவும் ஓட்டல் துணியைக் கொடுக்கப் போகிறோம். கடை பூட்டியிருக்கும், கொல்லையில் ஆள் இருக்காது. அந்த நேரம் பார்த்துச் சுவர் ஏறிக் குதிக்கிற வேலை எல்லாம் வைத்துக்கொள்ளாதே. சொல்லிவிட்டேன்.

அக்கா


ஜனவரி 27, வியாழன்

உனக்கு,

அவர்களுக்கும் இல்லை, தங்களுக்கும் இல்லை. உனக்கு!

சுவர் ஏறித்தான் வந்தேன். குழாய் வாயைக் காணவில்லை. அந்த இடத்தில் உன் பழைய துவைக்கல் சாய்த்து வைத்திருந்தது. இதை யாரோ ஒருவர் தனியாக நகர்த்தியிருக்க முடியாது, மாமாவும் கூட்டு என்று அப்போதே புரிந்தது. வாய் திறந்தால் எனக்கு நியாயம் பேசுகிற மனிதர்! கல்லைப் புரட்டினேன். உள்ளே துணி. குழாய் நிறையத் துணி. கையை விட்டு இழுத்தேன், வரவில்லை. காலைச் சுவரில் உதைத்து இழுத்தேன். ஒரு கை வெளியே வந்தது, சட்டைக் கை. பிறகு காலர் வந்தது. காலரின் உள்பக்கம் உன் கடைக் குறி, உன் கையால் மையில் போட்ட குறி. என் துணிக்கென்று நீ போடுகிற குறி.

என் பச்சைச் சட்டை! தலைமை ஆளாக ஆனபோது கொடுத்த சட்டை. அதை என் குழாயின் வாயில் அடைத்திருக்கிறாய்!

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றதுதான் தப்பு. மூன்று மாதத் தண்ணீர் மொத்தமும் முகத்தில் அடித்தது. வாய், மூக்கு, காது எல்லாம் உப்பு. உன் கொல்லையில் தடுமாறி விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்தேன். அந்தத் தண்ணீர் சாயங்காலம்வரை நிற்கவில்லை.

இப்போதாவது புரிகிறதா, என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று? வடிகுழாய் உன் சுவரோரமாகத்தான் போகிறது. உன் கிணறு அங்கிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். வாயை நீ அடைத்தாய். தண்ணீர் எங்கே போகும்? குழாயில் நின்று, நீரை உள்ளே வாங்கப் போட்ட துளைகள் வழியாகவே வெளியே கசிந்து, நேராக உன் கிணற்றுக்குள் இறங்கியது. மிச்சம் என் மூலையில் தேங்கிப் புல்லைக் கொன்றது. என்மேல் இருந்த கோபத்தில் உன் கிணற்றில் நீயே உப்பைக் கொட்டியிருக்கிறாய். அதற்கு மூன்று வாரமாக என்னைத் திட்டிக் கடிதம் வேறு!

அந்தக் குழாய் வாயை வாராவாரம் வந்து பார்க்க வேண்டியது என் வேலை. வந்திருந்தால் முதல் வாரமே, சரி, அதை விடு. அது உன் கொல்லையில் இருக்கிறது. நான் எப்படி வருவேன்?

எனக்கு வருகிற ஆத்திரத்தில் இதற்குமேல் எழுத வராது.


ஜனவரி 29

தம்பிக்கு,

ஆமாம், நான்தான் அடைத்தேன். கல்லை உன் மாமாவும் நானும் சேர்ந்துதான் தள்ளினோம். அவரைத் திட்டாதே, அவர் "வேண்டாம்மா, வேண்டாம்மா" என்று சொல்லிக்கொண்டேதான் தள்ளினார்.

ஏன் அடைத்தேன் என்று கேட்டாயா? கேட்க மாட்டாய். நானே சொல்கிறேன். ஐப்பசியில் மழை விட்டு நன்றாக வெயில் அடித்த முதல் நாள். கொடி நிறைய டாக்டரம்மாவின் அங்கிகள், ஒவ்வொன்றும் பளீரென்று. நான் நின்று அழகு பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் குழாய் ஒரு தடவை கனைத்தது. அடுத்த நொடி சேறும் உப்புமாகப் பீய்ச்சி அடித்தது. ஒரு அங்கிகூடத் தப்பவில்லை. மறுபடியும் எல்லாவற்றையும் அவிழ்த்து, ஊறவைத்து, கசக்கி, கண்ணில் தண்ணீர் வரவில்லை, ரத்தம் வந்தது.

அடைக்க எதையாவது தேடிக் கடைக்குள் போனேன். கந்தல் எத்தனையோ கிடந்தது. என் கை நேராக அந்தச் சட்டைக்குத்தான் போனது. ஏன் தெரியுமா? மைதானத்தில் போய் நான் உட்காருவதற்கு முந்தின நாள் நீ கொடுத்துவிட்டுப் போன சட்டை அது. துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, கம்பியில் மாட்டிவைத்தேன். சண்டை போட்டுக்கொண்டு போனவன் சட்டைக்காவது வருவான் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் கடை திறக்கும்போது தூசி தட்டினேன். யார் யாரோ வந்தார்கள், யார் யார் துணியோ போனது. உன் சட்டை மட்டும் தொங்கியது. பிறகு ஒரு நாள் நீ புதுப் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு என் கடை வாசல் வழியாகவே போனாய். தலையைக்கூடத் திருப்பவில்லை.

அதனால்தான் அதை அடைத்தேன். இப்போது தெரிந்துகொண்டாயா?

மைதானத்தில் நான் சொன்னது தப்பு என்று சொல்ல மாட்டேன். தெருவில் குழந்தைகளுக்குக் குளிக்கத் தண்ணீர் இல்லாதபோது உன் புல் பச்சைப்பசேலென்று நின்றது. அன்று சொன்னதை இன்றும் சொல்வேன். ஆனால் அதற்குப் பிறகு நீ செய்தது பெரிய வேலை. உப்புத் தண்ணீரில் ஒரு மைதானத்தையே வளர்ப்பது எல்லாராலும் ஆகாது. அதைச் சொல்ல உன்னை எதிரே காணோம்.

இப்போது என் வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? உன்னைத் திட்டலாம் என்று பேனாவை எடுத்தால் பாதியில் அது என் பக்கமே திரும்பிக்கொள்கிறது. என் கிணற்றை என் கையாலேயே கெடுத்துக்கொண்டேன். அதனால் உன்மேல் கோபம் குறையும் என்று நினைக்காதே, இரண்டு மடங்காகியிருக்கிறது. குழாய் வாய் திறந்துவிட்டதால் உன் தண்ணீர் மறுபடி என் கொல்லையில் ஓடுகிறது. கிணறு அதே உப்பு. ஓட்டல்காரர் இன்று விரிப்பை மூக்கருகில் வைத்துப் பார்த்தார். என்ன செய்யப் போகிறாய்? அதை எழுது. மற்றதெல்லாம் உப்புப் பெறாத பேச்சு.

அக்கா


பிப்ரவரி 3

அக்காவுக்கு,

உன் கடிதத்தை என் வீட்டுக்காரி எனக்கு முன்னால் படித்துவிட்டாள். "ரெண்டும் ஒரே அச்சு" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

வாசல் வழியாகப் போனபோது தலையைத் திருப்பவில்லை என்று எழுதியிருக்கிறாய். திருப்பினால் கால் உள்ளே வந்துவிடும் என்று பயந்துதான் திருப்பவில்லை. இதை இத்தோடு விடு.

செய்யப் போவது இது. முதலில், குழாயின் வாய் இனி உன் கொல்லையில் இருக்காது. உன் மண்ணுக்கு அடியில் மூடின குழாயாகவே கொண்டுபோய், தெருக்கோடியில் கடலுக்குப் போகிற பெரிய கால்வாயில் விடுகிறேன். முதலிலேயே அப்படித்தான் செய்திருக்க வேண்டும். உன்னிடம் கேட்க வேண்டியிருக்குமே என்று குறுக்குவழியில் போனேன். சுவரோரம் ஓடுகிற துளைக் குழாயையும் எடுத்துவிட்டுத் துளையில்லாத குழாய் போடுகிறேன்.

இரண்டாவது, கிணறு. அதில் இறங்கிய உப்பு தானாகப் போகாது. இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேற்குப் பக்கத்து ஊற்றிலிருந்து நல்ல தண்ணீர் உள்ளே வந்து அதைத் தள்ளும். இறைத்த தண்ணீரை எங்கே கொட்டுவது? எங்கே கொட்டினாலும் அங்கே ஒன்று சாகும். சாகாதது ஒன்றுதான் இருக்கிறது. அது என் புல். உன் கிணற்றில் ஒரு மோட்டார் வைக்கிறேன். உன் உப்புத் தண்ணீர் முழுவதையும் என் புல் குடிக்கட்டும். அதுவரை மைதானத்து ஆழ்குழாய்க் கிணற்றைத் தொட மாட்டேன். மேலாளர், "அடுத்தவங்க கிணத்துக்கு நம்ம மோட்டாரா?" என்று குதித்தார். "கெடுத்தது நம்ம தண்ணி சார். இல்லேன்னா கீழ்மூலையை நீங்களே வந்து வளர்த்துக்குங்க" என்றேன். போய்விட்டார்.

உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொன்னேன், சொன்னது சொன்னதுதான். ஏணி வைத்துச் சுவர் வழியாக வருவேன். துணி காய்கிற நேரத்தில் தோண்ட மாட்டேன்.

அந்தச் சட்டை உன் தொட்டியோரம் கிடக்கிறது. எனக்கு வேண்டாம்.

தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

ஒரே கொல்லையில் நின்றுகொண்டு கடிதம் எழுதுகிற குடும்பம் உலகத்தில் நாம் ஒன்றுதான் இருக்கும். பேசினால் சண்டை வரும் என்று உன் மாமா சொல்கிறார். எழுதினால் வராதாம்!

உன் மோட்டார் இரைச்சலில் வாடிக்கையாளர் சொல்வது காதில் விழவில்லை. ஏணிக் காலால் என் சிமெண்டுத் தரையைப் பெயர்த்திருக்கிறாய். சேற்றுக் காலோடு என் துவைக்கல்லில் ஏறி நிற்கிறாய். நான் சுவர்மேல் வைக்கிற டீயை ஆறவிட்டுக் குடிக்கிறாய். அதைக் குடிப்பதும் ஒன்றுதான், கொட்டுவதும் ஒன்றுதான்.

தினமும் காலையில் ஒரு வாளித் தண்ணீரில் சோப்பு போட்டுப் பார்க்கிறேன். இன்றும் இல்லை. ஓரத்தில் ஏதோ லேசாக வந்தது, ஊதினால் போய்விட்டது. ஓட்டல்காரருக்கு மழை வரை தவணை சொல்லியிருக்கிறேன். அதற்குள் கிணறு திரும்பாவிட்டால் கடை போயிற்று.

நேற்று நீ கிணற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாய். விழுந்து தொலையப் போகிறாய். கயிறு கட்டிக்கொள்.

அக்கா


மே 18

அக்காவுக்கு,

நேற்று ஆட்டம் முடிந்தது. கீழ்மூலையில்தான் ஒருவன் சறுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தடுத்தான். புல் பெயரவில்லை. பார்க்க வந்த பெரிய மனிதர்கள் வெறும் புல் என்று நினைத்துக்கொண்டு போனார்கள். உன் கிணற்றைக் குடித்து வளர்ந்த புல் என்று எனக்குத்தான் தெரியும். மேலாளர் அந்தப் பத்திரிகைப் படத்தைக் கதவிலிருந்து கிழிக்கப் போனார். "அது இருக்கட்டும் சார்" என்றேன்.

நல்ல கோடை மழையும் பெய்துவிட்டது. இன்று காலை நீ எழுவதற்கு முன்னால் வந்து உன் கிணற்றை உப்பு அளக்கும் கருவியில் பார்த்தேன். தெருக்குழாய்த் தண்ணீரும் இதுவும் ஒன்றுதான். எலுமிச்சையில் கொழுந்து வந்திருக்கிறது. மோட்டாரைக் கழற்றிக்கொண்டேன். ஏணியையும் எடுத்துவிட்டேன். பெயர்ந்த தரையைப் பூசிவிட்டேன், இரண்டு நாள் மிதிக்காதே.

இனி என் தொல்லை உனக்கு இல்லை.

தம்பி


மே 19

டேய்,

யாரைக் கேட்டு மோட்டாரைக் கழற்றினாய்?

நேற்றுக் காலையில் எழுந்து வந்து பார்க்கிறேன், கொல்லை வெறிச்சென்று கிடக்கிறது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி பைத்தியக்காரி மாதிரி நிற்கிறேன். உன் மாமா பின்னால் நின்று சிரிக்கிறார். என் கிணறு சரியாகிவிட்டது என்று சொல்ல நீ யார்? உன் கருவி யார்? சோப்பு போட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியவள் நான். போட்டேன். தொட்டி கொள்ளாமல் நுரை வழிந்தது. முழங்கை வரை நுரை. அது வேறு விஷயம். என்னைக் கேட்காமல் குழாய் வைத்தாய், என்னைக் கேட்காமல் மோட்டாரை எடுத்தாய். நீ திருந்தவே மாட்டாய்.

டாக்டரம்மாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். வருவாரோ என்னவோ, தெரியவில்லை. ஓட்டல்காரர் வருவார்.

புது நுரையில் முதலில் துவைத்தது உன் பச்சைச் சட்டையைத்தான். உப்பு விடவே மாட்டேன் என்றது. அலசி அலசிக் கை ஓய்ந்துவிட்டது. சட்டையின் இடது கை கொஞ்சம் வெளுத்திருக்கிறது, அது போகாது. இஸ்திரி போட்டுப் பழைய கம்பியிலேயே மாட்டியிருக்கிறேன்.

அதை உன் பெண்டாட்டி கேட்டாள், கொடுக்கவில்லை. மூட்டையில் வைத்தும் அனுப்ப மாட்டேன். சுவர் வழியாக எல்லாம் துணி கொடுக்கிற பழக்கம் இந்தக் கடையில் கிடையாது. துணிக்குச் சொந்தக்காரன் யாராக இருந்தாலும் வாசல் வழியாக வந்து, பலகைக்கு முன்னால் நின்று, என் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

காலையிலேயே கடை திறந்துவிடுவேன். பின்பக்கத் தரை இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது.

அக்கா